பெட்டி தேடும் சாக்கில் ஏரிக்கரை நடை: கெசிக்கில் மூன்று நாள் ஜியோகேச்சிங்

ஏரிகளும் மலைகளும் நிறைந்த இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பலரும் வின்டர்மியரில் காரை நிறுத்தி, படகில் ஒரு சுற்று, ஆளுக்கொரு ஐஸ்கிரீம், நாலு போட்டோ என்று முடித்துக்கொண்டு மாலையே மோட்டார்வே ஏறிவிடுகிறார்கள். நடக்கலாமா என்று கேட்டால் பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கோ மலை என்றாலே நாள் முழுக்க ஏற்றம் என்ற பயம். இரண்டையும் சமாளிக்க ஒரு வழி உண்டு. ஒரு மணி, ஒன்றரை மணி நேர நடைகளாகப் பொறுக்கி, அந்தப் பாதைகளில் யாரோ ஒளித்து வைத்திருக்கும் பெட்டிகளைத் தேடிக்கொண்டே போவதுதான் அது. ஜியோகேச்சிங் என்று பெயர். இதுவரை ஒரு பெட்டிகூடத் தேடிப் பார்க்காதவர்களுக்காக, கெசிக் என்ற சின்ன ஊரில் தங்கி மூன்று நாளை எப்படித் திட்டமிடலாம் என்று எழுதுகிறேன்.

விளையாட்டு இவ்வளவுதான்

ஒருவர் நீர் புகாத டப்பா ஒன்றை ஓரிடத்தில் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் போனில் இருக்கும் ஜி.பி.எஸ். துணையோடு போய்க் கண்டுபிடித்து, உள்ளே உள்ள தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். அந்தப் பெட்டிதான் கேச்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3ஆம் தேதியே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் இருப்பிடத்தை இணையக் குழு ஒன்றில் அறிவித்துவிட்டார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் கேச்சுகள் இருக்கின்றன. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் புதைப்பது மட்டும் இப்போது விதிப்படி கூடாது, ஆகவே மண்ணைத் தோண்டும் வேலை இல்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கு இதில் பழைய சொந்தமும் உண்டு: தென்மேற்கே டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் 1854இலேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, க்ரேன்மியர் பூல் என்ற ஆளரவமற்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்தார்.

முதலில் நடை, பிறகு பெட்டி

செயலியைத் திறந்ததும் வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகளாகக் கொட்டிக் கிடக்கும். புதியவர்கள் அங்கேதான் கவிழ்கிறார்கள். எது பக்கத்தில் இருக்கிறதோ அதை ஓடிப்போய் எடுப்பது, அடுத்ததற்குக் கார் எடுப்பது என்று போனால், மாலையில் கணக்கு ஏறியிருக்கும். ஆனால் பார்த்ததெல்லாம் கார் நிறுத்துமிடங்களின் பின்பக்கமும் சாலையோரக் கம்பங்களும்தான். அதற்கு லேக் டிஸ்ட்ரிக்ட் வரை வர வேண்டியதில்லை, லண்டனின் புறநகரான குரோய்டனிலேயே முடித்துக்கொள்ளலாம்.

என் கட்சி வேறு. கேச் ஒன்றுமே இல்லாவிட்டாலும் போகத் தகுந்த நடையா என்று முதலில் பாருங்கள். அப்படித் தேர்ந்த பாதையில் நாலைந்து கேச் இருந்தால் போதும். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு என்பது நல்ல கணக்கு. அதற்கு மேல் போனால் நடை நின்று தேடல் மட்டுமே மிஞ்சும்.

பாதையை முடிவு செய்தபின் ஒவ்வொரு கேச்சின் பக்கத்தையும் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிடுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தேடுவதற்கு எவ்வளவு கடினம் என்பது, மற்றது அந்த நிலம் எவ்வளவு கடினம் என்பது. இரண்டும் 1 முதல் 5 வரை. புதியவர்கள் இரண்டுமே 2க்குள் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். 5 என்றால் கயிறோ படகோ வேண்டும். ஏரி நடுவில் தீவில் ஒளித்த பெட்டி, வரைபடத்தில் பார்க்கக் கரைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றி ஆசை காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

அடுத்து அளவு. பழைய பிலிம் ரோல் டப்பா அளவில் இருப்பது மைக்ரோ. தாளைத் தவிர உள்ளே ஒன்றும் இருக்காது. சாப்பாட்டு டப்பா அளவில் இருப்பவற்றில் சின்னச் சின்னப் பொம்மை, கோலி, பட்டன் என்று மாற்றிக்கொள்ளும் சாமான்கள் இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாள் மைக்ரோ பக்கமே போகாதீர்கள். அரை மணி நேரம் தேடி விரல் நீளத் தாள்சுருள் கிடைத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது புதையலாகத் தெரியாது.

எண்களைவிட எனக்கு முக்கியம், கடைசியாகத் தேடியவர்கள் எழுதிய பதிவுகள். போன வாரம் இரண்டு பேர் எடுத்திருந்தால் பெட்டி அங்கே இருக்கிறது. கடைசி மூன்று நான்கு பதிவும் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குறிப்பு என்று ஒரு வரியும் இருக்கும், வேண்டும்போது திறந்து பார்க்கிற மாதிரி மறைத்து வைத்திருப்பார்கள். முதல் சில தேடல்களில் அதைக் கூச்சப்படாமல் பாருங்கள், ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஏன் கெசிக்?

லேக் டிஸ்ட்ரிக்ட் 1951 முதல் தேசியப் பூங்கா, 2017 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். தங்க ஊர்கள் ஏராளம். கெசிக்கைச் சொல்வதற்குக் காரணம், ஊரின் நடுவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் டெர்வென்ட்வாட்டர் ஏரி வந்துவிடுகிறது; கார் இல்லாமலே மூன்று நாளும் ஓட்டிவிடலாம். லண்டன் யூஸ்டனிலிருந்து பென்ரித்துக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கிருந்து கெசிக்குக்குப் பேருந்து. வின்டர்மியர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 555ஆம் எண் பேருந்து. காரில் வந்தாலும் ஊரில் நிறுத்திவிட்டுப் பேருந்திலும் படகிலும் போவதே நல்லது. கோடையில் பேர்பெற்ற இடங்களின் நிறுத்துமிடங்கள் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும்.

எப்போது போகலாம்? மே, ஜூன் என்பேன். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், தேடுவதற்கு அவசரமே இல்லை. ஆகஸ்ட்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம், போதாததற்குப் பெரணிப்புதர் இடுப்பளவு வளர்ந்து பெட்டிகளை மூடிவிடும். அக்டோபரில் இலையெல்லாம் நிறம் மாறிக் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஐந்தரை, ஆறு மணிக்குள் திரும்புவதாகத் திட்டம் போட வேண்டும். மழையைத் தவிர்க்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. கெசிக்குக்குத் தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள சீத்வெய்ட், ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிற இடம். சென்னைக்குப் பெய்வதைப்போல இரண்டு மடங்கு.

போனைத் தயார் செய்தல்

ஜியோகேச்சிங் செயலியை இறக்கிக் கணக்குத் தொடங்குவது இலவசம். இலவசக் கணக்கில் எளிய கேச்சுகள் மட்டுமே முழுதாகத் தெரியும். மூன்று நாளுக்கு அதுவே போதும். பிடித்துப்போனால் சந்தா கட்டலாம். ஆன்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் சி:ஜியோ என்ற இலவசச் செயலியையும் பார்க்கலாம், கேச் விவரங்களைப் போனிலேயே சேமித்து வைத்துக்கொள்ள வசதியானது.

சேமித்து வைப்பதை ஏன் சொல்கிறேன் என்றால், பாரோடேல் பக்கம் பல இடங்களில் சிக்னல் இருக்காது. ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் வேண்டாம், ஆனால் வரைபடமும் குறிப்பும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் வைஃபையிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பிரிட்டனின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 காகித வரைபடமும் ஒன்று வாங்குங்கள். கெசிக் பகுதிக்கு ஓ.எல். 4. கேட், வேலி, ஓடைப்பாலம் எல்லாம் அதில் இருக்கும், பேட்டரி தீராது.

ஆயத்தொலைவு எழுதும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. கேச் பக்கத்தில் ‘வடக்கு 54° 35.400’ என்றிருந்தால், அது 54 பாகை, 35.4 நிமிடம். பாகைக்கு 60 நிமிடம் என்பதால் பொதுவான வரைபடச் செயலிகளில் அது 54.59 ஆகும். அப்படியே 54.354 என்று தட்டினால் 26 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். கையால் தட்டாமல், கேச் செயலிக்குள் இருக்கும் திசைகாட்டியையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை கிடையாது.

பையில் மழைக்கோட்டு, பவர்பேங்க், சின்ன டார்ச், விசில், ஒரு குப்பைப் பை, மாற்றிக்கொள்ள நாலைந்து சின்னச் சாமான்கள். பிடிமானமுள்ள காலணி கட்டாயம், செருப்பு வேண்டாம். புளிச்சோறும் பிளாஸ்கில் தேநீரும் இருந்தால் மதியத்துக்கு ஊர் திரும்பும் வேலை மிச்சம். எழுதுவதற்குப் பென்சில் எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் தாள் பெரும்பாலும் ஈரம் கோத்திருக்கும், பால்பாயின்ட் அதில் வழுக்கும், பென்சில் எழுதும். பென்சிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊரும் இல்லை: 16ஆம் நூற்றாண்டில் பாரோடேல் மலையில் கிடைத்த தூய கிராபைட்டிலிருந்து வளர்ந்ததுதான் கெசிக்கின் பென்சில் தொழில். ஊரில் டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகம் இருக்கிறது. அடைமழை பிடித்துக்கொண்ட காலைப்பொழுதை அங்கே கழித்துவிடலாம்.

மூன்று நாள்

வந்து சேரும் நாளில் பெரிதாக ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். பயண மூட்டையை அறையில் போட்டுவிட்டு, படகுத்துறையைத் தாண்டி ஃப்ரையர்ஸ் கிராக் வரை போய் வாருங்கள். தள்ளுவண்டியே போகிற சமதளப் பாதை. ஏரிக்குள் மூக்கு நீட்டிய பாறைமுனை அது, 19ஆம் நூற்றாண்டுக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. முனையில் நின்று ஏரியைப் பார்த்தால் இடக்கைப் பக்கம் வாலா கிராக், ஃபால்கன் கிராக் என்று முரட்டுப் பாறைகள் செங்குத்தாக நிற்கும். வலக்கைப் பக்கம் கேட்பெல்ஸ் மலை வழவழவென்று சரியும். இடப்பக்கம் எரிமலைப் பாறை, வலப்பக்கம் ஸ்கிடா ஸ்லேட் என்ற பழைய கடலடி வண்டல் இறுகிய பாறை. எர்த்கேச் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் பெட்டியே கிடையாது. இப்படி நிலத்தைப் பார்த்து இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் எழுதி, அதை அமைத்தவருக்கு அனுப்ப வேண்டும். பெட்டி இல்லாத தேடலா என்று பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கினாலும், எனக்கு அதுதான் ஜியோகேச்சிங்கின் நல்ல பகுதி. வழியில் எங்கெல்லாம் எர்த்கேச் இருக்கிறதோ அதை விடாதீர்கள்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிர். கெசிக் லாஞ்ச் படகுகள் ஏரியைச் சுற்றி ஏழு துறைகளில் நின்று போகின்றன, கடிகாரச் சுற்றிலும் எதிர்ச்சுற்றிலும். ஒரு துறையில் இறங்கி, கரையோரம் நடந்து, அடுத்த துறையில் ஏறிக்கொள்ளலாம். எந்த நடையையும் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ள இதைவிட வசதி இல்லை. ஹாஸ் எண்ட் துறையில் இறங்கி, பிராண்டல்ஹோ காட்டின் வழியே ஹை பிராண்டல்ஹோ துறை வரை நடங்கள். இரண்டு கிலோமீட்டர் அளவுதான், ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாசி படர்ந்த ஓக் மரங்கள். இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, லேக் டிஸ்ட்ரிக்ட்டில் முதன்முதலாக 1902இல் வாங்கிய நிலம் இது. நூறாம் ஆண்டின் நினைவாக மரத்தில் செதுக்கிய இரண்டு பெரிய கைகள் கரையோரம் ஏந்தினாற்போல் இருக்கும், பிள்ளைகள் அதற்குள் ஏறி உட்காராமல் வரமாட்டார்கள். பிறகு படகில் லோடோர் போய் அருவியைப் பார்க்கலாம். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மட்டும் போங்கள், வறண்ட வாரத்தில் வெறும் பாறைதான். எங்கே இறங்கினாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் துறைப் பலகையில் பார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

மூன்றாம் நாளுக்கு மூன்று வழி. காலில் தெம்பிருந்தால் ஊரிலிருந்தே காசில்ரிக் கல்வட்டத்துக்கு ஏறலாம், இரண்டரைக் கிலோமீட்டர். ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழைமையான கற்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. கற்களுக்கிடையே பெட்டி தேடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. வயதானவர்களோ தள்ளுவண்டியோ கூட இருந்தால், 1972இல் நின்றுபோன ரயிலின் தடத்தில் திரெல்கெல்ட் என்ற சிற்றூர் வரை நடக்கலாம். ஐந்து கிலோமீட்டர், வழியெங்கும் ஆறு கூடவே வரும். 2015 டிசம்பர் புயல் வெள்ளம் இந்தப் பாதையின் பாலங்களை அடித்துக்கொண்டு போய், 2020இல்தான் மறுபடி முழுதாகத் திறந்தார்கள். போனதும் பேருந்தில் திரும்பிவிடலாம். மூன்றாவது, 78ஆம் எண் பேருந்தில் பாரோடேல் போய் பௌடர் ஸ்டோனைப் பார்ப்பது. ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள ஒற்றைப் பாறை, ஒன்பது மீட்டர் உயரம், குறுகிய அடிப்பாகத்தில் நிற்கிறது. ஏணி வைத்திருக்கிறார்கள், உச்சிக்கே ஏறலாம்.

பெட்டிக்குப் பத்து மீட்டருக்குள்

திறந்தவெளியில் போன் ஐந்து மீட்டர் வரை தவறும். மரத்தடியிலும் பாறைச்சரிவிலும் அதற்கு மேலும் போகும். அதனால் பத்து மீட்டர் தூரம் என்று காட்டும்போதே போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடத் தொடங்குங்கள். அம்புக்குறி போகிற பக்கமெல்லாம் ஓடினால் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நீங்கள் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்? காட்டில் என்றால் தனித்துத் தெரியும் மரத்தை முதலில் பாருங்கள்: இரண்டாகப் பிரிந்த அடிமரம், விழுந்து கிடக்கும் தண்டு. வேர்களுக்கிடையே உள்ள பொந்தின் வாயில் குச்சிகள் ஒரே திசையில் அடுக்கினாற்போல் கிடந்தால் அது காற்றின் வேலை இல்லை. சுற்றிலும் கல்லில் பாசி பச்சையாக இருக்க, ஒரு கல் மட்டும் பாசி அடியில் போய்த் தலைகீழாகக் கிடந்தால் அதை யாரோ தூக்கியிருக்கிறார்கள். மெதுவாக நகர்த்துங்கள். பச்சை டேப் சுற்றிய மூடி தெரியும். ஊருக்குள் என்றால் பெஞ்சின் அடிப்பக்கம், கைப்பிடிக் கம்பியின் உள்பக்கம், காந்தம் வைத்து ஒட்டிய சின்னக் குப்பி.

கை வைக்கக் கூடாத இடம் கல்சுவர்கள். இந்தப் பகுதியின் வயல்சுவர்களில் சாந்து கிடையாது, கல்மேல் கல் உட்கார்ந்தே பல தலைமுறையாக நிற்கின்றன. ஒன்றை உருவினால் ஒரு பகுதி சரியும், ஆடு வெளியே போகும், விவசாயி உங்களைத் தேடி வருவார். வேலி தாண்டவும் வேண்டாம். அப்படி ஏறித்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் தவறான பக்கத்தில் நிற்கிறீர்கள்.

ஆள் நடமாட்டம் இருந்தால் பெட்டியை எடுக்காமல் காத்திருங்கள். இந்த விளையாட்டைத் தெரியாதவர்களை ‘மகிள்’ என்பார்கள், அவர்கள் கண்ணில் பட்டால் பெட்டி காணாமல் போக வாய்ப்பு உண்டு. நாலு பேர் குனிந்து ஒரு பெஞ்சின் அடியைத் தடவினால் நாயோடு வருகிறவர் நின்று, ‘எதையாவது தொலைத்துவிட்டீர்களா?’ என்று அக்கறையாகக் கேட்பார். ஷூ லேஸ் கட்டுவது, தேநீர் ஊற்றுவது எல்லாம் இதற்கென்றே இருக்கின்றன. நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம். பாதிப் பேர் ‘எங்கள் பேரனும் இதைச் செய்வான்’ என்பார்கள்.

இருபது நிமிடம் தேடியும் இல்லையென்றால் விட்டுவிட்டு நடையைத் தொடருங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று பதிவதும் உங்கள் கடமைதான். அதைப் பார்த்துத்தான் பெட்டி வைத்தவர் வந்து சரிபார்ப்பார்.

கிடைத்தால் தாளில் எழுதி, சாமான் எடுத்தால் அதே மதிப்புள்ளதையோ மேலானதையோ வையுங்கள். சாக்லேட், பிஸ்கட் வைக்காதீர்கள், மணம் பிடித்து விலங்குகள் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். எண் பொறித்த உலோகத் தகடு ஏதாவது இருந்தால் அது வைத்துக்கொள்வதற்கு இல்லை. ஊர் ஊராகப் பயணம் போகும் பொருள் அது. அடுத்த கேச்சில் கொண்டுபோய் வைக்க முடியும் என்றால் மட்டும் எடுங்கள். மூடியை நான்கு பக்கமும் சொடுக்கி, இருந்தபடியே மறைத்துவிட்டு நகருங்கள்.

கொஞ்சம் கவனம்

புல்லிலும் பெரணியிலும் உண்ணி உண்டு, லைம் நோய் அதனால் வரும். கால்சட்டையை சாக்சுக்குள் செருகுங்கள், இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் காதுமடல் எல்லாம் பாருங்கள். கேட்டைத் திறந்தால் மூடுங்கள், திறந்தே இருந்தால் திறந்தே விடுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிக்கொண்டு போங்கள், நம் ஊர்ப் பழக்கத்தில் தட்டிக்கொடுக்கப் போக வேண்டாம். மலைக்கான வானிலை அறிக்கையைக் காலையில் பாருங்கள். யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

அன்றன்றைய பதிவுகளை அன்றிரவே செயலியில் எழுதிவிடுங்கள். ‘கிடைத்தது, நன்றி’ என்பதோடு நிறுத்தாமல் பாதை எப்படி இருந்தது, சேறா, மரம் விழுந்திருக்கிறதா, தாள் நனைந்திருக்கிறதா என்று இரண்டு வரி சேருங்கள். அடுத்து வருகிறவர் வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் படிப்பார்.

திரும்பும் நாளில் சிலருக்கு, நாமும் இந்த ஏரிக்கரையில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று ஆசை வரும். அதற்கு அனுமதி கிடைக்காது. அடிக்கடி வந்து பராமரிக்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான் கேச் வைக்கலாம், நிலத்தின் சொந்தக்காரர் சம்மதமும் வேண்டும். அந்த ஆசையை உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி, இடம் தேடும் முன் வரைபடத்தில் அதைப் பார்த்துவிடுங்கள்.